அத்தை கேட்ட கேள்வி – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

மயிலாடுதுறை பக்கம் லுத்தரன் சபையில் வளர்ந்தவன் நான். வயது 24, சென்னையில் மென்பொருள் வேலை. இரண்டு வருடமாக யூடியூபில் சீர்திருத்த இறையியல், அதாவது கால்வின் வழி வந்த உபதேசம், பிரசங்கங்கள் கேட்கிறேன். கால்வின், ஸ்பர்ஜன் என்று வாசிக்க ஆரம்பித்த பிறகுதான், எங்கள் சபையில் இத்தனை நாள் உபதேசம் என்று எதுவுமே சொல்லித்தரவில்லை என்று புரிந்தது. என்னைப் போல நிறைய இளைஞர்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள். இது ஒரு எழுப்புதல் என்றே நினைக்கிறேன். வீட்டில் பேசினால் சண்டை. மாமா "இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு" என்கிறார்.

போன வருடம் என் அத்தை மகன் பைக் விபத்தில் இறந்துவிட்டான். கோயிலுக்கு வராதவன், குடிப்பான். அத்தை என்னிடம் "அவன் ஆண்டவர்கிட்ட இருப்பானாப்பா?" என்று கேட்டார்கள். எனக்குப் பொய் சொல்ல மனமில்லை. அவன் இரட்சிப்புக்கென்று தேவனால் முன்பே தெரிந்துகொள்ளப்பட்டவன் என்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை என்று சொல்லி, ரோமர் 9:20ஐ வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை. சத்தியத்தைச் சொன்னால் இப்படி நடக்கும் என்று தெரிந்ததுதான்.

என் கேள்வி: நான் லுத்தரன் சபையிலேயே இருக்கலாமா, சென்னையில் ஒரு சீர்திருத்த சபையில் சேர்ந்துவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா போய் ஏழு மாதம் ஆகிறது. அந்தப் பெட்டியில் இருந்த ஒரு துணிக்கும் உங்கள் கடிதத்துக்கும் சம்பந்தம் இருப்பதால்தான் உடனே எழுதுகிறேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

உங்களை இழுத்தது எது என்று எனக்குப் புரிகிறது. ஜனவரி முதல் தேதி ஒரு வாக்குத்தத்த வசனம், அந்த வருடம் முழுக்க ஆசீர்வாதம், கூட்டத்துக்குக் கூட்டம் விசாவுக்கும் வேலைக்கும் வீட்டுக்கும் ஜெபம். ஆண்டவர் நம் காரியங்களை முடித்துக்கொடுக்கும் ஆளாகவே ஆகிவிட்டார். யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது எத்தனை நாள் போதும்? அந்த நேரத்தில் ஒருவர் வந்து, தேவன் உன் விருப்பத்துக்கு ஆடுகிறவர் அல்ல, உலகத்தோற்றத்துக்கு முன்பே உன்னை அறிந்தவர் என்று வேதத்தைத் திறந்து வரி வரியாகக் காட்டினால் நெஞ்சு நிமிரத்தான் செய்யும். அமெரிக்காவிலும் இப்படித்தான் நடந்தது. 2009இல் டைம் இதழ், உலகை மாற்றிக்கொண்டிருக்கும் பத்துக் கருத்துகளில் ஒன்றாகப் புதிய கால்வினியத்தைச் சேர்த்தது. அந்தப் பசியை நான் மதிக்கிறேன். உங்களுக்கு உபதேசம் சொல்லித்தராமல் விட்டது எங்கள் தலைமுறையின் குற்றம், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மாமா சொன்னதை விடுங்கள். 1706இல் தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கிய ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு மட்டும் நம் ஊர்க்காரரா? கிருபை முழுக்க ஆண்டவன் செயலா, நம் பிடியும் வேண்டுமா என்ற வழக்கு காவிரிக் கரைக்குப் புதிதும் அல்ல. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல என்று வைணவத்தில் தென்கலையாரும், குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்வதுபோல என்று வடகலையாரும் நூற்றாண்டுகளாகப் பேசிவருகிறார்கள். ஸ்ரீரங்கம் உங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரம் இல்லை.

எழுப்புதலா இல்லையா என்பதையும் நான் தொடப்போவதில்லை. எனக்கு உங்கள் அத்தையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தம்பி, நீங்கள் செய்தது தப்பு. மகனைப் புதைத்துவிட்டு வந்த தாய்க்கு "மனுஷனே, தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார்?" என்ற வசனத்தை வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள். அத்தை எங்கே தர்க்கித்தார்கள்? கேள்விதானே கேட்டார்கள்? அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்திருக்கிறீர்களா? "எனக்கு மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் உண்டாயிருக்கிறது" என்று சொல்லித்தான் பவுல் தொடங்குகிறார். தன் ஜனத்துக்காகத் தானே கிறிஸ்துவை விட்டுச் சபிக்கப்பட்டவனாகப் போகவும் தயார் என்கிறார். நீங்கள் காட்டிய வசனமும், அதை அடுத்த குயவன், களிமண் உவமையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அழுதுகொண்டே எழுதிய மனிதனின் வார்த்தையை, அழுகை வராத நீங்கள் நடுவிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

கால்வினிடமே வருவோம், நீங்கள் அவரைத்தான் நம்புகிறீர்கள். அவருடைய பெரிய நூலான 'இன்ஸ்டிட்யூட்ஸ்'இன் கடைசிப் பதிப்பு 1559இல் வந்தது. நான்கு பகுதி, 80 அதிகாரம். யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானித்தார் என்ற முன்குறித்தலுக்கு அவர் ஒதுக்கியது நான்கு அதிகாரம். அதுவும் முதலில் இல்லை. ஜெபத்தைப் பற்றி மிக நீண்ட ஓர் அதிகாரம் எழுதி முடித்த பிறகு, மூன்றாம் பகுதி முடியப்போகும் இடத்தில்தான் அது வருகிறது. விசுவாசத்தையும் ஜெபத்தையும் தாண்டி வந்தவனிடம்தான் அவர் இந்தப் பேச்சையே எடுக்கிறார். அதிலும் என்ன சொல்கிறார்? உன் தெரிந்துகொள்ளுதலை உனக்குள்ளே தேடாதே, கிறிஸ்துவே அதைப் பார்க்கும் கண்ணாடி என்கிறார். தன்னிடமே தேடக்கூடாத அடையாளத்தை நீங்கள் செத்துப்போன பையனிடம் தேடியிருக்கிறீர்கள். இன்னொரு இடத்தில் அகஸ்டினை எடுத்துக்காட்டுகிறார்: முன்குறிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று நமக்குத் தெரியாது, ஆகையால் எல்லாரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்று விரும்பும் மனதோடு இருக்க வேண்டும். கால்வினின் புத்தகத்திலேயே இருக்கிறது இது. நீங்கள் கேட்ட பிரசங்கங்களில் வரவில்லையா, வந்தும் காதில் விழவில்லையா?

அந்த உபதேசம் யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் யோசியுங்கள். கால்வின் பிரான்சை விட்டு ஓடி வந்த அகதி. அவர் எழுதியதை வாசித்தவர்களில் எத்தனையோ பேர் அங்கே ஒளிந்து ஆராதித்தவர்கள், பிடிபட்டால் எரிக்கப்பட்டவர்கள். உங்களை ஆண்டவர் கையிலிருந்து ஒருவனும் பறிக்க முடியாது என்று அவர்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. எங்கள் நிலம் கடைமடை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாயிற்று என்று பேப்பரில் போடுவார்கள், எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்ட நாளாகும், சில வருடம் வராமலே போகும். அப்பா மதகடியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். "தண்ணி கண்டிப்பா வருது, கெளம்பிடுச்சு" என்று யாராவது வந்து சொன்னால் அவருக்கு உயிர் வரும். கடைமடைக்காரனுக்குச் சொல்ல வேண்டிய அந்த வார்த்தையை எடுத்து, தலைமடைக்காரன் வரப்பில் நின்றுகொண்டு "உனக்கு எழுதலை" என்று சொன்னால் அதற்குப் பெயர் உபதேசமா? தெரிந்துகொள்ளுதல் நிபந்தனையற்றது என்றால், உங்களிடம் எந்த யோக்கியதையையும் பார்த்து உங்களை எடுக்கவில்லை என்று அர்த்தம். அதை நம்புகிறவனுக்குத் தலை குனியத்தான் வேண்டும்.

நம் மண்ணில் இதில் கூடுதல் ஆபத்து உண்டு. பிறக்கும்போதே ஒருவன் மேலே, ஒருவன் கீழே என்று எழுதியாயிற்று என்பது நம் ரத்தத்தில் இருக்கிறது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரில் சபையை விட்டு வெளியேறியவர்கள் ஏராளம். சபையையே விட்டாலும் சேர்ந்து உட்கார மாட்டோம் என்று நின்ற ஊர் இது. இங்கே "தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்" என்ற சொல்லைக் கையில் எடுக்கிறவன் நூறு தடவை யோசிக்க வேண்டும்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

1971 ஐப்பசி. எனக்கு ஏழு வயது. பொறையாறு பக்கத்தில் ஒரு கிராமத்தில் தாத்தா உபதேசியார். தம்பி பிறந்து நான்கு மாதம். ஆயர் மாதம் ஒருமுறைதான் எங்கள் கோயிலுக்கு வருவார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது. அம்மா வெள்ளை மல் துணி வாங்கி, தன் கையாலேயே அங்கி தைத்தார். கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன இலையாக வெள்ளை நூல் வேலை. புதன்கிழமை குழந்தைக்கு வாந்தி, பேதி. அடைமழை, வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோடு தெரியவில்லை. வியாழக்கிழமை விடியற்காலை போய்விட்டான். அவசரத்துக்கு வீட்டில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கலாம், லுத்தரன் சபையில் அது செல்லும். பாட்டிக்கு அது தெரியும். அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க ஒரு பிரசங்கியார் வந்தார். "ஞானஸ்நானம் ஆகலையா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "கர்த்தர் தம்முடையவர்களை அறிவார்" என்றார். காபி குடித்தார், போனார். வேத வசனம்தான், ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அம்மா அதை ஐம்பது வருடத்துக்கு மேல் சுமந்தார்.

குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி எழுதக் கட்டம் போட்டிருக்கும். தம்பியின் பெயருக்கு நேரே இரண்டாவது கட்டம் காலி. பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன், தாத்தா அதில் பென்சிலால், சின்ன எழுத்தில், "கர்த்தர் கையில்" என்று எழுதியிருந்தார். அம்மாவிடம் அவர் அதைக் காட்டினாரா என்று தெரியாது. காட்டியிருந்தால் அம்மா போகும் வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு "சின்னவன் அங்க இருப்பானாடா?" என்று கேட்டிருக்க மாட்டார். உங்கள் அத்தை கேட்ட அதே கேள்வி, தம்பி. வார்த்தை கூட ஏறத்தாழ அதேதான்.

"இருப்பான்மா" என்றேன். பொய் சொல்லவில்லை. கால்வினியத்தின் ஐந்து கோட்பாடுகளையும் வகுத்த டோர்ட் மாமன்றம் 1618-19இல் கூடியது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் முதல் பிரிவின் 17ஆவது விதியைப் போய்ப் பாருங்கள். பிஞ்சிலே இறந்துபோன பிள்ளைகளின் தெரிந்துகொள்ளுதலையும் இரட்சிப்பையும் பற்றி தேவபக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்படக்கூடாது என்று எழுதியிருக்கிறது. ஞானஸ்நானம் ஆயிற்றா என்று அதில் கேட்கவில்லை. அத்தனை கடுமையான ஆட்களும் அந்தத் தாய்மார்களை நினைத்து உட்கார்ந்து ஒரு விதி எழுதியிருக்கிறார்கள். கால்வினுக்கே 1542இல் பிறந்த மகன் கைக்குழந்தையாகவே போய்விட்டான். ஆண்டவர் கொடுத்த அடி கசப்பானது, ஆனால் அவரும் தகப்பன், தம் பிள்ளைகளுக்கு வேண்டியது அவருக்குத் தெரியும் என்று நண்பருக்கு எழுதினார். வலிக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார்.

அத்தை மகன் கைக்குழந்தை இல்லையே என்பீர்கள். இல்லைதான். அவன் குடித்தான், கோயிலுக்கு வரவில்லை. பைக் சரிந்து ரோட்டில் கிடந்த அந்தக் கடைசி நிமிடத்தில் அவனுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று நீங்கள் பார்த்தீர்களா? கிருபையை எவனாலும் தடுக்க முடியாது என்று நம்புகிற நீங்கள், ஒரு குவார்ட்டர் பாட்டில் அதைத் தடுத்துவிட்டது என்று எப்படிச் சொன்னீர்கள்? உங்கள் நம்பிக்கையை நீங்களே முழுசாக நம்பவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போங்கள். அத்தை வீட்டுக்குத் தனியாகப் போங்கள், கையில் வேதாகமம் வேண்டாம். மன்னிப்புக் கேளுங்கள். அத்தை திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், அழுதால் பக்கத்தில் உட்காருங்கள். அவன் சின்ன வயதில் எப்படி இருந்தான், என்ன பாட்டுப் பாடுவான், ஓய்வுநாள் பள்ளியில் என்ன வசனம் சொல்லிப் பரிசு வாங்கினான் என்று கேளுங்கள். உங்கள் அத்தைக்குச் சொல்ல நிறைய இருக்கும், இதுவரை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எந்தச் சபையில் இருப்பது என்று கேட்டிருந்தீர்கள். தெரிந்துகொள்ளுதல் லுத்தரன் உபதேசத்திலும் உண்டு. 1577இன் லுத்தரன் விசுவாச அறிக்கை (Formula of Concord) அதைச் சொல்கிறது, கைவிடுவதற்கென்று ஓர் ஆணை உண்டு என்பதை மட்டும் மறுக்கிறது. அதை வாசித்துவிட்டு, அத்தை வீட்டுக்கும் போய்வந்துவிட்டு எழுதுங்கள். அப்போது பேசலாம்.