ஆலங்கட்டிக்கும் புயலுக்கும் தாங்கும் குடில் எது?

கேள்வி: ஐயா, திருத்துறைப்பூண்டி பக்கம் 10 சென்டில் மிளகாய், கத்தரி குழித்தட்டு நாற்றுவிட பசுமைக்குடில் போடப் போகிறேன். சித்திரையில் பெய்த ஆலங்கட்டி மழையில் திறந்தவெளி நாற்றெல்லாம் நைந்துபோனது. பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக் தகட்டுக் கூரை போட்டால் எதற்கும் அசையாது என்கிறார் குடில் போடுபவர். நம்பிப் போடலாமா?

பதில்: ஆலங்கட்டிக்கு மட்டும் என்றால் அவர் சொல்வது சரிதான். பாலிகார்பனேட் கண்ணாடி மாதிரி எளிதில் நொறுங்காது. ஆனால் உங்கள் ஊரில் ஆலங்கட்டி என்றைக்கோ ஒருநாள் விழுவது. ஐப்பசி, கார்த்திகை பிறந்தாலே புயல் பயம்தான். 2018 நவம்பர் 16இல் கஜா வேதாரண்யத்துப் பக்கம் கரையேறியபோது, காய்ப்பிலிருந்த தென்னைகளே வேரோடு சாய்ந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். பாலித்தீன் தாளாக இருந்தால் கிழிந்துபோகும், சட்டம் பிழைக்கும். கெட்டியான தகடு கிழியாது. அழுத்தம் முழுவதும் சட்டத்துக்கும் கால்களுக்கும் இறங்கி, குடிலையே பெயர்த்துவிடும். அதனால் உங்களுக்கு நான் பாலிகார்பனேட்டைச் சொல்ல மாட்டேன்.

உயரம் குறைந்த, வளைவுக் கூரையுள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்க் குடில் போடுங்கள். 200 மைக்ரான் புற ஊதா தாங்கும் பாலித்தீன் தாளைத் தொய்வில்லாமல் இழுத்து, அலுமினியப் பள்ளத்தில் ஸ்பிரிங் கம்பி வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். ஆணியோ கட்டுக்கம்பியோ வேண்டாம். தாளுக்கு ஓரடி மேலே 50 சதவீத நிழல்வலை கட்டினால் ஆலங்கட்டி வலையில் விழுந்து வேகம் தணியும், கோடை வெயிலும் நாற்றைச் சுடாது. வலை கோடைக்கு மட்டும்தான். புரட்டாசி முடிவதற்குள் அவிழ்த்துச் சுருட்டிவிடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால், காற்று எழும்புவதற்கு முன்பே தட்டுகளை வீட்டுக்குள் ஏற்றிவிட்டுத் தாளையும் கழற்றிவிட வேண்டும். ஸ்பிரிங் பூட்டு அதற்காகத்தான்.

பணத்தை அஸ்திவாரத்தில் போடுங்கள். நம் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், அடைமழையில் குழம்பாகிவிடும். அதில் வெறுமனே அடித்த குழாயைக் காற்று முள்ளங்கி மாதிரி பிடுங்கிவிடும். ஒவ்வொரு காலுக்கும் 3 அடி குழி வெட்டி, குழாயின் அடியில் குறுக்குக் கம்பி பற்றவைத்து கான்கிரீட் போடுங்கள். முதலில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று, புயல் கண் கடந்ததும் தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். ஆகவே மூலைத் தாங்கு குழாய்கள் நான்கு பக்கமும் வேண்டும். தரையை ஓரடி மேடாக்கிச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டுங்கள்.

உப்புக்காற்று வீசும் இடம் என்பதால் குழாய், போல்ட் எல்லாமே துத்தநாகக் குளியலில் முக்கியெடுத்ததாக இருக்கட்டும். எத்தனை கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு வடிவமைத்தது என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தராதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், மானியம் எடுப்பதாக இருந்தால் முதலில் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநரைப் பாருங்கள். அனுமதி கைக்கு வரும்வரை குழி வெட்ட வேண்டாம்.