அந்த மாத்திரையை அம்மாவுக்கு அனுப்பாதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்கு 68 வயது. இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிட்டு வருகிறார். இங்கே சீன மருந்துக் கடையில் 'நீண்ட ஆயுள், கருமையான முடி' என்று ஒரு மூலிகை மாத்திரை விற்கிறார்கள். ஹெ ஷோ வூ, டான்ஷென், ஜின்செங், அதிமதுரம் சேர்ந்ததாம். ஹெ ஷோ வூ சாப்பிட்டு ஒருவர் 256 வயது வரை வாழ்ந்தார் என்கிறார்கள். மூலிகைதானே, பக்க விளைவு இருக்காது என்கிறார்கள். ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்து அனுப்பலாமா?
- ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு பெயர்களில் ஒன்றுகூட உங்கள் அம்மாவுக்கு ஆகாது.

டான்ஷென் என்பது சீனத்தில் இதய நோய்க்குக் காலங்காலமாகக் கொடுக்கிற சிவப்பு வேர். அதை வார்ஃபரினோடு சேர்த்தால் இரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போய் உள்ளே கசிய ஆரம்பிக்கலாம். 1990-களிலேயே ஹாங்காங் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகளில் உங்கள் அம்மாவைப் போலவே வால்வு மாற்றிக்கொண்டவரும் உண்டு. ஜின்செங் இதற்கு நேர்மாறு. வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடக்கூடியது. குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும். ஒன்று இழுக்கிறது, இன்னொன்று தள்ளுகிறது. மாதாமாதம் ஊசி குத்தி, இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைப் பார்த்து, அரை மாத்திரை கூட்டி, கால் மாத்திரை குறைத்து ஒரு மருத்துவர் பிடித்து வைத்திருக்கும் கணக்கு அங்கேயே குலைந்துவிடும். அதிமதுரம் நமக்குத் தெரிந்ததுதான். தொண்டைக்கு ஒரு துண்டு மெல்வது வேறு. நாள்தோறும் மாத்திரையாக உள்ளே போனால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இதய நோயாளிக்கு இரண்டுமே கெடுதல்.

ஹெ ஷோ வூ பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உங்களை மயக்கியது அதுதான். 'ஹெ என்பவரின் கருத்த தலை' என்பது அந்தப் பெயரின் பொருள். சீனாவின் தாங் அரச காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில் லி ஆவ் என்ற அறிஞர் இந்தக் கதையை எழுதி வைத்தார். பிள்ளையில்லாத ஒருவர் காட்டில் இரண்டு கொடிகள் ஒன்றையொன்று பின்னிக்கொள்வதைப் பார்க்கிறார். வேரைத் தோண்டித் தின்கிறார். முடி கருக்கிறது, பிள்ளைகள் பிறக்கின்றன, 160 வயது வாழ்கிறார். பேரன் ஷோ வூவும் 130 வயதில் கருத்த முடியோடு இருந்தானாம். அழகான கதை, ஆனால் கதை. உங்களிடம் சொன்ன 256 வயதுக்காரர் லி சிங்-யுன், 1933-இல் இறந்தவர். அவர் பிறந்தது 1736 என்று ஒரு கணக்கு, 1677 என்று இன்னொன்று. இரண்டில் எதற்கும் நிற்கக்கூடிய ஆதாரம் கிடையாது. பிறப்புச் சான்றோடு உலகம் ஒப்புக்கொண்ட மிக நீண்ட ஆயுள், 1997-இல் இறந்த பிரெஞ்சுப் பெண்மணி ழான் கால்மோவுடையது: 122 ஆண்டுகள்.

கதை போகட்டும். அந்த வேர் கல்லீரலைக் கெடுக்கிறது என்று 2006-இல் பிரிட்டன் எச்சரித்தது. அதை மேற்கத்தியரின் பொறாமை என்று ஒதுக்கலாம். 2014-இல் சீன அரசே அந்த வேர் சேர்ந்த சத்து மாத்திரைகளுக்கு அளவு வரம்பு வைத்து, கல்லீரல் எச்சரிக்கையையும் அச்சிடச் சொன்னதே, அதை என்ன செய்வது? சீன வைத்தியர்கள் அதைப் பச்சையாகச் சத்து மருந்துக்குக் கொடுப்பதில்லை. கறுப்பு சோயாச் சாற்றில் வேகவைத்து, கறுத்த பிறகுதான் சத்து மருந்தாகக் கொடுப்பார்கள். அப்படிப் பக்குவம் செய்தும் சிலருக்கு மஞ்சள்காமாலை வருகிறது. யாருக்கு வரும் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

சீன வைத்தியம் முழுக்கப் பொய் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 4-ஆம் நூற்றாண்டில் கெ ஹோங் என்று ஒருவர் இருந்தார். சாகாவரம் தேடியவர். பாதரசம், சாதிலிங்கம் சேர்த்துச் சாவில்லாத குளிகை செய்யும் முறைகளை ஒரு நூலில் எழுதினார். அந்த மாதிரிக் குளிகைகளைத் தின்றே தாங் பேரரசர்கள் சிலர் செத்தார்கள். அதே கெ ஹோங், அவசரத்துக்குக் கைவைத்தியம் என்று இன்னொரு நூலும் எழுதினார். விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலுக்கு சிங்ஹாவ் செடி ஒரு கைப்பிடி எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து குடி என்கிறது அது. கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. 1971-இல் பெய்ஜிங்கில் து யூயூ என்ற மருந்து ஆய்வாளர் அந்த வரியில்தான் நின்றார். சூட்டில் மருந்து கெடுகிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு சாறு எடுத்தார். மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் கிடைத்தது, 2015-இல் நோபல் பரிசும் வந்தது. ஒரே மனிதரின் இரண்டு நூல்கள்! இந்தக் காய்ச்சலுக்கு இந்தச் செடி என்று சொன்ன நூலைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. ஆயுளைக் கூட்டுவேன் என்கிற மாத்திரையை எப்படிச் சோதிப்பீர்கள்? அம்மா 90 வயது வரை இருந்தால் மாத்திரையின் பெருமை. இடையில் ஏதாவது ஆனால் விதி என்பார்கள்.

'மூலிகைதானே' என்ற சொல் எனக்கு நிஜமாகவே கோபத்தைக் கிளப்புகிறது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஃபாங்ஜி என்று பெயர் ஒத்துப்போனதால் ஒரு வேருக்குப் பதில் இன்னொரு வேர் வந்து சேர்ந்திருந்தது. வந்தது அரிஸ்டலோக்கியா இனம். நம் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான். ஆடுகூடத் தொடாது என்று பெயர் வைத்த நம் முன்னோர் மூலிகை என்றால் ஆபத்தில்லை என்று நினைத்தவர்கள் இல்லை.

தூரத்தில் இருந்துகொண்டு அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு மாதாமாதம் கூட்டிப்போக ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். பரிசோதனையில் வரும் எண்ணை ஒவ்வொரு மாதமும் நீங்களே கேட்டுக் குறித்து வையுங்கள்.

நண்பரிடம் ஏற்கெனவே கொடுத்தனுப்பி, அம்மாவும் சாப்பிட ஆரம்பித்திருந்தால், இன்றே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். வார்ஃபரினை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு இதய மருத்துவரைப் பார்க்கட்டும். திட்டுவாரோ என்று பயந்து மறைக்க வேண்டாம். ஈறில் இரத்தம், கறுப்பாக மலம், கண்ணில் மஞ்சள், சிவப்பாகவோ கருமையாகவோ சிறுநீர் - இதில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.