மூச்சிரைப்பு போய்விட்டது, மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. இதயத்தின் பம்பிங் திறன் 30 சதவீதம். ராமிப்ரில், கார்வெடிலால், ஸ்பைரனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின், ஃப்யூரோசமைடு சாப்பிடுகிறார். மூச்சிரைப்பும் கால் வீக்கமும் போய்விட்டன. ஆனால் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. ரத்த அழுத்தம் 100/60. எதைக் குறைக்கலாம்?

பதில்: நீங்களாக எதையும் குறைக்காதீர்கள். தலைசுற்றலை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். அதைச் சரிசெய்ய வழி உண்டு.

முதல் நான்கும் இதயத்தைக் காத்து ஆயுளை நீட்டிப்பவை. சர்க்கரை மாத்திரையாக அறியப்பட்ட டாபாகிளிஃப்ளோசினும் அப்படித்தான். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் இதயத்துக்காகத் தினம் 10 மி.கி. தருகிறோம். ஃப்யூரோசமைடு தேங்கிய நீரை வெளியேற்றும், அவ்வளவுதான். வீக்கம் வற்றிய பிறகும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் உடலில் நீர் குறைந்து தலை சுற்றும். அதனால் மருத்துவர் பெரும்பாலும் முதலில் இதைத்தான் குறைப்பார். மற்றவற்றை ஒரே நேரத்தில் விழுங்காமல் காலை, இரவு எனப் பிரிக்கவும் சொல்லலாம். தலைசுற்றல் இல்லாதவருக்கு 100/60 என்ற எண் மட்டுமே மாத்திரையைக் குறைக்கக் காரணமாகாது.

கார்வெடிலாலை 3.125 மி.கி. இரு வேளை என்று தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, தாங்கினால் 25 மி.கி. இரு வேளை வரை கொண்டுபோகிறோம். இதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து, இதயத்துடிப்பு எகிறும்.

ஸ்பைரனோலாக்டோனில் கவனிக்க வேண்டியது பொட்டாசியம். அதுவும் ராமிப்ரிலும் சேர்ந்தே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். தொடங்கிய ஒரு வாரத்திலும் நான்காவது வாரத்திலும், பிறகு அவ்வப்போதும் ரத்தத்தில் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்க்க வேண்டும், பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் ஸ்பைரனோலாக்டோன் அளவைப் பாதியாக்குவோம். சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். அது அப்பாவுக்கு வேண்டாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் கூடாது. அவை உடலில் நீரைத் தேக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ராமிப்ரிலுக்குப் பதில் சாகுபிட்ரில்-வால்சார்டான் எழுதித் தந்தால், கடைசி ராமிப்ரிலுக்குப் பின் 36 மணி நேரம் கழித்தே தொடங்க வேண்டும். இல்லையேல் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கும் ஆபத்து கூடும்.

பம்பிங் திறன் தேறியபின் நிறுத்தலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், இதயம் பெரிதாகிப் பலவீனமடைந்து பின்னர் தேறியவர்களின் மருந்துகளைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஆறே மாதத்தில் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் தேங்குகிறது என்று பொருள், மருத்துவரை அழையுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே கேளுங்கள். சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். மயங்கி விழுந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.