வென்டிலேட்டர் அலாரம் அடிக்கவில்லை என்றால் நோயாளி மெஷினோடு ஒத்துப்போகிறார் என்று அர்த்தமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊட்டியில் ஐசியுவில் இருக்கும் அப்பாவுக்குப் பல வருட மூச்சிரைப்பு நோய். "மெஷினோட ஃபைட் பண்றார்" என்று காலையில் சொன்னார்கள். ஆனால் பார்க்கப் போனபோது அலாரம் எதுவும் அடிக்கவில்லை. அப்படியானால் சரியாகிவிட்டதா? கோவைக்கு மாற்றலாம் என்கிறார்களே, வழியில் என்ன கவனிக்க வேண்டும்?

நீலகிரியில் ஒரு ஐசியுவில் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் அப்பாவைப் பற்றி அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். பொதுவாகக் கேட்டால், அலாரம் அடிக்காததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அழுத்தம், காற்றின் அளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, இவற்றுக்கு நாங்கள் ஒரு எல்லை வைப்போம். அதைத் தாண்டினால்தான் அலாரம் அடிக்கும். உங்கள் அப்பா மாதிரி நோயாளிகளிடம் அதிகம் பார்க்கிற கோளாறு அந்த எல்லைக்குள்ளேயே நடக்கும். மூச்சுக்குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அழுத்தம் தேங்கும். மூச்சுக்காற்றின் அழுத்தத்தைச் செ.மீ. நீரழுத்தம் என்ற அலகில் அளப்போம். 8 செ.மீ. நீரழுத்தம் தேங்கியிருந்தால், நோயாளி முதலில் அந்த 8-ஐ இழுத்துத் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் மூச்சு கேட்பதே மெஷினுக்குத் தெரியும். ஏற்கெனவே களைத்துப்போனவர் எல்லா முறையும் அவ்வளவு இழுக்க முடியுமா? பாதியில் விட்டுவிடுவார். திரையில் நிமிடத்துக்கு 14 மூச்சு என்று இருக்கும், நெஞ்சோ 22 முறை எழும்பும். 14 எல்லைக்குள்தான் இருக்கிறது, அதனால் மெஷின் பேசாமல் இருக்கும். தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் விறகடுப்புப் புகையிலேயே காலம் தள்ளிய பாட்டிகள், பீடி பிடித்த தாத்தாக்கள் என்று இப்படிப்பட்டவர்கள் எங்கள் மலையில் நிறையவே வருகிறார்கள்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வயிற்றின் மேல் கை வைத்து ஒரு நிமிடம் எண்ணிவிட்டுத் திரையில் இருக்கும் எண்ணைப் பார்த்தால் போதும். கிராஃபில், மூச்சு வெளியேறும் கோட்டின் நடுவில் சின்னதாக ஒரு பள்ளமோ மேடோ தெரியும். அதுதான் வீணாய்ப் போன முயற்சி. "பாவம், இன்னும் கொஞ்சம் காத்து குடுங்க" என்று சொந்தக்காரர்கள் கெஞ்சுவார்கள். இந்தக் கோளாறில் காற்றைக் கூட்டினால் தேங்குவதும் கூடும். அதனால் டாக்டர்கள் பெரும்பாலும் குறைத்து, வெளியேற நேரம் கொடுத்துப் பார்ப்பார்கள்.

இதற்கு நேர் எதிரானது, யாரும் கேட்காமலே மெஷின் மூச்சு கொடுப்பது. குளிர் ஊரில் இதற்கு ஒரு சாதாரணக் காரணம் தண்ணீர். ஈரமாக்கிச் சூடேற்றிய காற்று டியூப் வழியாகப் போகிறது. டிசம்பர், ஜனவரியில் வெளியே உறைபனி விழும் ராத்திரிகளில் அந்த ஈரம் டியூபிலேயே தண்ணீராகித் தேங்கும். அது உள்ளே ஆடும்போது நோயாளிதான் இழுக்கிறார் என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். கிராஃப் ரம்பப் பல் மாதிரி நடுங்கும். அந்தத் தண்ணீரை நோயாளி பக்கம் போகாமல் வடித்துவிட்டால் பல சமயம் எண்ணிக்கை தானாக இறங்கிவிடும். டியூபைப் பார்க்காமல் மயக்க மருந்துக்கு ஓடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

அப்புறம் இரட்டை மூச்சு. நோயாளிக்கு இன்னும் இழுக்க ஆசை, மெஷின் அதற்குள் நிறுத்திவிடும். அவர் விடாமல் இழுக்க, மேலேயே அடுத்தது ஏறிவிடும். பழுதான நுரையீரலுக்கு ஒரு மூச்சில் கிலோவுக்கு 12 மி.லி. கொடுத்தவர்களில் சுமார் 40 சதவீதமும், 6 மி.லி. கொடுத்தவர்களில் 31 சதவீதமும் இறந்ததாக 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. டாக்டர் 6 வைத்திருந்தாலும், ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் கிட்டத்தட்ட 12 ஆகிவிடுகிறதே. மயக்கத்தைக் கூட்டினால் எல்லாம் அடங்கும் என்றும் சொல்ல முடியாது. நன்றாக மயங்கியிருப்பவரிடமும் மெஷின் ஊதும் ஊதலே மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்தைத் தூண்டிவிடலாம். இதை 2013-இல்தான் விவரமாக எழுதினார்கள்.

ஒவ்வொரு மூச்சையும் கணினியே படிக்கும் வசதியும் உண்டு. ஸ்பெயினில் அப்படி 50 பேரைக் கவனித்து 2015-இல் எழுதினார்கள்: பத்தில் ஒரு மூச்சுக்கு மேல் பொருந்தாமல் போனவர்களிடம் இறப்பு அதிகம். சின்ன ஆய்வு, பொருந்தாமைதான் காரணமா, நோயின் கடுமையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மூக்கு வழியாகப் போடும் உணவு டியூபிலேயே மின்முனை வைத்து உதரவிதானத்தின் சமிக்ஞையைப் படிக்கும் மெஷினும் இருக்கிறது. எங்கள் யூனிட்டில் இரண்டும் இல்லை, கையும் கண்ணும்தான்.

நீங்கள் உள்ளே போகும்போது பட்டன் எதையும் தொடாதீர்கள். கழுத்து நரம்பு புடைக்கிறதா, மூக்கு விரிகிறதா, வியர்க்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிஸ்டரைக் கூப்பிட்டு, "அப்பா இழுக்குற மூச்சும் மெஷின் காட்டுறதும் ஒண்ணா இருக்கா?" என்று கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சளி, வலி, நிரம்பிய சிறுநீர்ப்பை, கடித்த டியூப் எல்லாம்கூட இதே மாதிரி காட்டும். வீட்டில் நீலகிரி படகர்களின் மொழியான படகு பேசுபவர் என்றால் படகிலேயே பேசுங்கள். ராத்திரி முழுக்க யார் யாரோ தமிழிலும் இங்கிலீஷிலும் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்க, அந்த வயதில் பதற்றமே பாதி மூச்சைத் தின்றுவிடும்.

கோவைக்குப் போவதென்றால் ஒரு விஷயம். தொண்டை டியூபின் நுனியில் கஃப் என்று காற்று நிரப்பிய சின்னப் பை இருக்கும். ஊட்டியில் காற்றழுத்தம் சுமார் 580 மி.மீ. பாதரசம், மேட்டுப்பாளையத்தில் 730-க்கு மேல். இறங்க இறங்க அந்தப் பையில் உள்ள காற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். ஓரத்தில் காற்று கசிந்தால் கொடுக்கும் அளவு குறையும், கசிவையே மூச்சு என்று நினைத்து மெஷின் தானாக ஊதவும் தொடங்கும். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஆடும்போது இதெல்லாம் சட்டென்று கண்ணில் படாது. கஃப் அழுத்தத்தை 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் வைத்திருக்க வேண்டும். அதை அளக்கும் கருவி ஆம்புலன்ஸில் இருக்கிறதா, குன்னூரிலும் பர்லியாரிலும் ஒரு தடவை பார்ப்பார்களா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.