வெளிநாட்டு மாணவர் ஊழியம்: எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து நகரி வரை, தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலும் ஆந்திரத்திலும் வாழும் தமிழ் வாசகர்கள், வெளிநாட்டு மாணவர்கள் நடுவே செய்யும் கிறிஸ்தவ ஊழியத்தைப் பற்றிக் கேட்டவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

வெளிநாட்டு மாணவர்கள் நடுவே ஊழியம் செய்ய மனதில் ஒரு பாரம், ஒரு தவிப்பு இருக்கிறது. ஆனால் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், ஆங்கிலமோ தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. என்னால் முடியுமா? — மாணவர், கொழிஞ்சாம்பாறை

தம்பி, நீ குறை என்று எழுதியிருப்பதை நான் ஆயத்தம் என்பேன். அடுத்தவர் மொழியில் தப்பாகப் பேசி, அவர் திருத்த, மறுபடியும் பேசிப் பழகியவன் நீ. ஊரை விட்டு முதன்முதலாகப் போகிற பலருக்கு அந்தக் கூச்சம் போகவே ஒரு வருஷம் ஆகிவிடுகிறது.

வே. ச. அசரியாவை நினைத்துக்கொள். வெள்ளாளன்விளையில் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. செயலராக இளைஞர்கள் நடுவே பல வருஷம் உழைத்தார். 1909இல், முப்பத்தைந்து வயதை ஒட்டி, தெலுங்கு பேசும் தோர்ணக்கலுக்குக் குடிபோய் அந்த மொழியைக் கற்றார். 1912இல் அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேற்கத்திய மிஷனரிகளிடம் அவர் கேட்டது நண்பர்களை. வெளிநாட்டு மாணவன் உன்னிடம் தேடப்போவதும் அதைத்தான். ஆங்கிலத்துக்கு, ஆங்கில வேதாகமத்தில் தினமும் ஒரு அதிகாரத்தைச் சத்தமாக வாசி, வாசித்ததை யாரிடமாவது சொல்லிப் பார். இலக்கணம் பின்னால் வரும்.

வெளிநாட்டுக்குப் போகும் ஊழியர் அங்கே என்ன செய்வார்? கல்லூரி கல்லூரியாகப் பிரசங்கம் பண்ணுவாரா? — வாசகர், நகரி

பிரசங்கம் ரொம்பக் குறைவு. 1947இல் பத்து நாடுகளின் கிறிஸ்தவ மாணவர் இயக்கங்கள் சேர்ந்து ஐ.எஃப்.இ.எஸ். என்ற உலகக் கூட்டமைப்பை அமைத்தன, நம் நாட்டில் 1954இல் யூ.இ.எஸ்.ஐ. என்ற மாணவர் இயக்கம் உருவானது. இந்த இயக்கங்களில் கல்லூரிக் குழுவை நடத்துகிறவர்கள் மாணவர்களே. ஊழியர் அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்.

நான் இதை என் தப்பிலிருந்து கற்றுக்கொண்டேன். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக ஊர், வெள்ளிக்கிழமை வேதபாடம். பத்துப் பேர் சூப் கோப்பையைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தோம். வாசித்தது யோவான் சுவிசேஷம் 4ஆம் அதிகாரம். சமாரியப் பெண் ஏன் நடுப்பகல் வேளையில் தனியாகத் தண்ணீர் எடுக்க வந்தாள் என்று ஒரு மலேசிய மாணவி கேட்டாள். நான் உடனே ஆரம்பித்துப் பத்து நிமிஷம் விளக்கினேன். முடித்துவிட்டுப் பார்த்தால், அவள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டிருந்தாள். குழுவை நடத்திய இரண்டாம் ஆண்டு மாணவன் பாத்திரம் கழுவும்போது மெதுவாகச் சொன்னான்: "அவளிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் கேள்வியாகத் தொடங்கினாள்."

அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் என் வேலை மாறியது. நாற்காலி போடுவது, காய்ச்சலில் கிடக்கும் மாணவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது, குழுத் தலைவர்களோடு தனித்தனியே உட்கார்ந்து வேதம் வாசிப்பது. வேதபாடத்தில் வாயைத் திறக்காமல் இருக்கப் பழகுவதுதான் இவை எல்லாவற்றையும்விடக் கடினம்.

மகன் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷமாக வேலையில் இருக்கிறான். வேலையை விட்டு வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறேன் என்கிறான். கல்விக் கடன் பாக்கி. நாங்கள் எஸ்டேட்டில் ரிட்டையர் ஆனால், எஸ்டேட் தந்த வீடான லயத்தைக் காலி செய்ய வேண்டும். தடுத்தால் பாவமா? — ஒரு தாய், மூணாறு

அம்மா, நீங்கள் தடுக்கவில்லை. நியாயமானதைக் கேட்கிறீர்கள். தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுகிற 'கொர்பான்' வழக்கத்தை இயேசு கடிந்துகொண்டது மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை உங்கள் மகனோடு உட்கார்ந்து வாசியுங்கள். கொழுந்து பறித்த கையால் படிக்க வைத்த பிள்ளை, அந்தக் கைக்கு ஒரு கூரை அமைத்துவிட்டுப் போவதால் அழைப்பு கெட்டுவிடாது.

முதலில் கடன் தீரட்டும். லயத்தை விட்டு இறங்கும்போது எங்கே குடியேறுவது என்று குடும்பமாக முடிவெடுங்கள். அதுவரை அவன் தன் ஊரிலேயே மாலை நேரங்களில் மாணவர் குழுவுக்கு உதவட்டும். வெளிநாட்டில் முறையான வேலை கிடைத்தால், வேலை பார்த்துக்கொண்டே அங்குள்ள மாணவர்களுக்குத் தன் வீட்டைத் திறந்து வைக்கலாம். அதுவும் முழு ஊழியம்தான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: கடன் அடைந்த பிறகும் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நாளைத் தள்ளாதீர்கள்.

நேபாளத்துக்கு நமக்கு விசா தேவையில்லையே. நாங்கள் நாலு பேர் போய் ஒரு மாதம் கல்லூரிகளில் சுவிசேஷம் சொல்லலாமா? — இளைஞர் குழு, பாறசாலை

வேண்டாம். 2015 அரசியல் சாசனமே அங்கே மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பின் நாடு கடத்துவார்கள். நீங்கள் பஸ் ஏறித் திரும்பிவிடுவீர்கள், விசாரணை உள்ளூர் விசுவாசிகளின் வீட்டு வாசலில் நிற்கும். அவர்களாக அழைத்தால், அவர்கள் சொன்னதை மட்டும் செய்யப் போங்கள்.

சபை டிரஸ்ட் பணத்தை வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊழியருக்கு மாதாமாதம் அனுப்பலாமா? — சபைப் பொருளாளர், பீர்மேடு

வருமான வரி விலக்கு பெற்ற டிரஸ்ட் தன் வருமானத்தை இந்தியாவுக்குள் செலவிட வேண்டும் என்பதே பொது விதி. வெளிநாட்டில் செலவிட முன் அனுமதி தேவை. ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். தனிநபர்கள் தங்கள் பணத்தை வங்கி வழியாக அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டம் இடம் தருகிறது. ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை என்பதால் உங்களுக்கு அந்த உச்சவரம்பு பிரச்சினையே இல்லை.

கேரள முகவரி, பிளஸ் டூ கேரளத்தில், டிகிரி மதுரையில். சான்றிதழ்களை எங்கே அட்டெஸ்ட் செய்வது? — வாசகி, குமுளி

முகவரி முக்கியமில்லை, சான்றிதழ் எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டது என்பதே கணக்கு. பிளஸ் டூவுக்குக் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம், டிகிரிக்குத் தமிழ்நாடு அரசு. அதன் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது ஹேக் உடன்படிக்கை நாடுகளில் செல்லும் சான்று முத்திரை. எந்த வகை விசா என்பதை அழைக்கிற இயக்கத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டூரிஸ்ட் விசாவில் ஊழியம் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

போக இன்னும் மூன்று வருஷம் ஆகும். இப்போது என்ன செய்வது? வேலூரில் படிக்கிறேன். — மாணவி, சித்தூர் (ஆந்திரா)

உன் வளாகத்திலேயே வெளிநாட்டு மாணவர்கள் இருப்பார்களே! கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நாம் எல்லாரும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவோம், அவர்கள் பாதி காலியான விடுதியில் இருப்பார்கள். இந்த டிசம்பரில் இரண்டு பேரைச் சித்தூருக்குக் கூட்டிக்கொண்டு போ. துண்டுப் பிரசுரம் எதுவும் வேண்டாம். அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு அம்மாவிடம் சொல்லிவிடு, காரத்தைக் கொஞ்சம் குறைக்கட்டும். சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் ஊரைப் பற்றிக் கேள்.