மும்பை மாதிரி கான்கிரீட் காட்டில் இருந்துகொண்டு தீவுச் செடிகொடி, விலங்குகளைப் பார்க்க அந்தமான் போவதைத் தவிர வேறு வழி உண்டா?

முதலில் ஒன்று. நீங்கள் இப்போது உட்கார்ந்திருப்பதே தீவில்தான். கொலாபா முதல் மாஹிம் வரை ஏழு தீவுகளைத் தூர்த்து ஒட்டவைத்ததுதான் பழைய பம்பாய். அதற்கு வடக்கே அந்தேரி, போரிவிலி, முலுண்டு எல்லாம் சால்செட் தீவு. சுற்றிலும் கடலும் கழியும். அநேகமாக நீங்கள் வேலைக்காக வந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருக்கும், ரயிலில் ஏறியதும் போனைப் பார்ப்பவர். பாண்டுப், முலுண்டு தாண்டும்போது ஒரு தடவை மேற்கே பாருங்கள். அந்த மலைதான் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, நூறு சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 2018 கேமரா கணக்கெடுப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறுத்தைகள் தெரிந்தன. எங்கள் பில்டிங் மதில்மேல் ஒன்று உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பூனை மாதிரி வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல்.

சிறுத்தைக் கதை எல்லோரிடமும் இருக்கும். நான் சொல்ல வந்தது கார்வி என்ற செடி.

நம் குறிஞ்சிக்குப் பங்காளி முறை. குறிஞ்சி 12 வருஷம், இது 8. மலைச்சரிவு முழுக்க ஒரே சமயத்தில் ஊதாவாகப் பூத்து, காய்த்து, அப்படியே செத்துப்போகும். காய்ந்த தண்டை வரிசையாக நட்டு மண் பூசித்தான் இங்கே வார்லி பழங்குடி ஜனங்கள் வீட்டுச் சுவர் எழுப்புவார்கள். இது சஹ்யாத்ரியில், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையில், பரவலாக வளர்வது, தீவுக்கு மட்டும் சொந்தமில்லை என்று ஒருத்தர் வருவார். தெரியும் சார். ஆனால் இந்த மண்ணில் யாரும் கொண்டுவந்து நடாமல் முளைத்தது. தெருவெல்லாம் நிற்கும் குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. அதுவும் தீவுச் செடிதான், நம் தீவு இல்லை.

2008இல் பூத்தபோது எனக்கு நைட் ஷிஃப்ட். தாராவியிலிருந்து போரிவிலி போகச் சோம்பல். 2016இல் போனேன், பார்த்தேன், வீட்டில் யாரும் கூட வரவில்லை. அடுத்த மே மாதம் மறுபடி போனபோது எல்லாம் விளக்குமாற்றுக் குச்சியாக நின்றன. காய்ந்த காயை ஒரு பிடி சட்டைப்பையில் போட்டு வந்துவிட்டேன். காட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது, தப்புதான், கமெண்டில் வந்து வகுப்பெடுக்க வேண்டாம்.

சமையலறை ஜன்னலில் மூடியில்லாத பழைய டப்பா ஒன்றில் போட்டு மறந்துவிட்டேன். ஜூனில் முதல் மழை, ராத்திரி இரண்டு மணி, சாரல் உள்ளே அடிக்கிறது. டப், டப், டட்டடப் என்று சத்தம். “ஏங்க, எந்திரிங்க, டப்பாக்குள்ள எலி!” நான் செருப்போடு ஓடினால் விதை ஒன்று கன்னத்தில் வந்து அடிக்கிறது. சின்ன வயசில் ஊரில் பட்டாசுக்காயை எச்சில் தொட்டு வெடிக்கவிடுவோமே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். வருஷம் பூரா காய்ந்து கிடக்கும், ஈரம் பட்டதும் வெடிக்கும். மழை வந்தால்தானே விதைக்குப் பிழைப்பு! விளக்கிச் சொன்னேன். அவள் டப்பாவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், போய்ப் படுத்துக்கொண்டாள். மிச்சக் காய்களை அடுத்த ஞாயிறே எடுத்த இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

இதையெல்லாம் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் காட்டலாமென்றால் அவர்களுக்கு நடிகர் வீட்டு கேட்டுதான் வேண்டும். போன மே மாதம் ஒருவர் குடும்பத்தோடு பதினோரு நாள். ஒரு ரூம், ஒரு கிச்சன் வீட்டில் ஏழு பேர். கான்ஹேரிக்குக் கூட்டிப்போனேன், நூற்றுக்கும் மேல் குகைகள், “வெறும் பாறைதானேப்பா” என்றார். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு போன்கூட இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எங்காவது சொல்ல வேண்டுமில்லையா.

மலை ஏற முடியாவிட்டால் தாணே கழிப்பக்கம் போங்கள். குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நிற்கும். கண்டல் சேற்றில் துடுப்பை ஊன்றித் துள்ளி நடக்கும் மீன் இருக்கிறது. கோலி மீனவப் பெண்கள் நிவ்டி என்று கூறுகட்டி விற்பார்கள். பார்க்க மட்டும் சொல்கிறேன். எனக்குச் சாப்பிடவும் பிடிக்கும், அது வேறு.

2024 செப்டம்பரில் மனைவியையும் கூட்டிப்போனேன். சரிவெல்லாம் ஊதா, தேனீச் சத்தம். ரொம்ப நேரம் பேசாமல் நின்றவள், “இதுல நம்ம டப்பாவுல இருந்தது எதுங்க?” என்றாள். எனக்கெப்படித் தெரியும். ஏதோ ஒரு புதரைக் காட்டினேன்.

அடுத்தது 2032. வந்தால் கூட்டிப்போகிறேன். தங்க மட்டும் இடம் கேட்காதீர்கள்.