மாத்திரை போட்டும் யூரின் இன்ஃபெக்‌ஷன் திரும்பத் திரும்ப வருதா?

"தண்ணி நிறைய குடிக்கிறேன், சுத்தமாத்தான் இருக்கேன், ஆன்டிபயாடிக் போட்டா சரியாகுது, ஆனா ரெண்டு மாசத்துல மறுபடியும் எரிச்சல், நான் என்ன தப்பு பண்றேன்?"னு ஒரு சகோதரி கேட்டிருக்காங்க.

நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலம்மா. பெண்களுக்கு யூரின் வர்ற குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான், குடல்ல இருக்குற ஈ.கோலைங்கிற பாக்டீரியா ஈஸியா மேல ஏறிடும். ஆனா எல்லா ஈ.கோலையும் நோய் குடுக்காது, குடுக்குற ரகத்துகிட்ட ஸ்பெஷலா சில ஆயுதம் இருக்கு.

அதுல முக்கியமானது ஃபிம்ப்ரியேங்கிற மெல்லிசு முடி. அதோட நுனியில ஃபிம்ஹெச்னு ஒரு புரோட்டீன், மூத்திரப்பை சுவர்ல இருக்குற மேனோஸ்ங்கிற சர்க்கரையைக் கவ்விக்கும், யூரின் வேகமா இழுத்தா பிடி இன்னும் இறுகும், அதனாலதான் தண்ணியை மட்டும் குடிச்சே எல்லாத்தையும் கழுவி விட்டுட முடியறதில்ல (அதுக்காக குடிக்கிறத குறைச்சிடாதீங்க). ஒட்டினதுக்கப்புறம் செல்லுக்குள்ளயே புகுந்து கும்பலா பெருகும், மருந்தும் நம்ம எதிர்ப்பு சக்தியும் அங்க சரியா எட்டாது. சிலது அப்படியே பதுங்கியிருந்து பின்னாடி வெளிய வரலாம், இல்லன்னா குடல்லேர்ந்து புதுசா ஏறலாம். மேனோஸ் பவுடர் குடிச்சா ஒட்டாதுன்னு விக்கிறாங்களே, தியரி நல்லாத்தான் இருக்கு, ஆனா 2024ல வந்த பெரிய ட்ரயல்ல பலன் தெரியல, காசை மிச்சம் பண்ணுங்க.

பி ஃபிம்ப்ரியேங்கிற இன்னொரு வகை முடி இருக்குற ஈ.கோலை ரகம் கிட்னி வரைக்கும் போய் ஒட்டும். ஹீமோலைசின்ங்கிற நஞ்சு செல்லை உடைக்கும். ப்ரோட்டியஸ்னு இன்னொரு கிருமி, யூரியாவை அம்மோனியாவா உடைச்சு கல்லே உண்டாக்கிடும், அந்தக் கல்லுக்குள்ள கிருமி ஒளிஞ்சுக்கும், கல்லை எடுக்காம எத்தனை கோர்ஸ் போட்டாலும் திரும்ப வரும்.

அதனால அடுத்த தடவை எரிச்சல் வந்தா பழைய அட்டையில மிச்சம் இருக்குறத போடாம, மாத்திரைக்கு முன்னாடியே யூரின் கல்ச்சர் (எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு பாக்குற டெஸ்ட்) குடுங்க, முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றத பிடிக்கணும். ப்ரோட்டியஸ்னு வந்தா ஸ்கேன் தேவையான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. 6 மாசத்துல 2 தடவை, இல்ல வருஷத்துல 3 தடவை வந்தா தடுப்பு சிகிச்சை பத்தி பேசணும், மாதவிடாய் நின்னவங்களுக்கு பிறப்புறுப்புல போடுற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் க்ரீம் நல்லாவே உதவும்.

குளிர் ஜுரம், விலாவுல வலி, வாந்தின்னா அன்னிக்கே போயிடுங்க. எரிச்சலே இல்லாம ரிப்போர்ட்ல மட்டும் கிருமி காட்டினா பொதுவா மருந்து வேண்டாம், கர்ப்பிணியா இருந்தாலோ, மூத்திரப் பாதையில ஆபரேஷன் பண்ணப் போறதா இருந்தாலோ டாக்டர் சொல்றபடி எடுக்கணும்.